புகைப்பழக்கமும் இதயநோய் மரணமும்: முதல் ஆய்வில் இறங்குபவர்களுக்கான வழிகாட்டி

கம்யூனிட்டி மெடிசின் (சமூக மருத்துவம்) முதுநிலை மாணவர்களும் எம்.பி.எச். (பொது சுகாதார முதுநிலை) மாணவர்களும் தீசிஸுக்கு அடிக்கடி எடுக்கும் தலைப்பு இது. சுலபமாக முடியும் என்ற எண்ணம்தான் காரணம். புகை இதயத்தைக் கெடுக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை; கணக்கும் நான்கு கட்டம் போட்ட அட்டவணையில் தொடங்குகிறது. கணக்கு சுலபம்தான். ஆனால் இறந்தவர் இதயநோயால்தான் இறந்தாரா, அவர் உண்மையிலேயே புகைத்தவரா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் உயிரோடு இல்லை. அந்தப் பதில்களை யாரிடம், எப்படி வாங்குகிறீர்கள் என்பதை வைத்துத்தான் ஆய்வு தேறும் அல்லது தேறாது. ஆகவே இங்கே புள்ளியியலுக்குக் கொஞ்சம் இடமும், களத்துக்கு நிறைய இடமும் ஒதுக்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு நகரத்திலோ மாவட்டத்திலோ மாணவர் ஒருவர் செய்து முடிக்கக்கூடிய கேஸ்-கண்ட்ரோல் ஆய்வை வைத்தே எல்லாப் படிகளும் சொல்லப்படுகின்றன. களத்துக்குப் போக வழியில்லாதவர்கள் 9ஆம் படியைப் பாருங்கள்.

1. தலைப்பும் ஆய்வு வகையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்

கோஹார்ட் ஆய்வு என்றால் ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். மூன்று வருடப் படிப்பில் அது நடக்காது. மீதி இருப்பது கேஸ்-கண்ட்ரோல்: இதயநோயால் இறந்த ஆண்கள் ஒரு பக்கம், அதே ஊரில் அதே வயதில் உயிரோடு இருக்கும் ஆண்கள் மறுபக்கம்.

இதில் அதிகம் பேர் விழும் குழி ஒன்று உண்டு. கார்டியாலஜி வார்டில் படுத்திருக்கும் மாரடைப்பு நோயாளிகளிடம் கேள்வி கேட்டுவிட்டு, தலைப்பில் 'மரணம்' என்று போட்டுவிடுவார்கள். மாரடைப்பு வந்து முதல் சில மணி நேரத்திலேயே இறப்பவர்கள் வார்டு வரைக்கும் வருவதே இல்லை. பிழைத்தவர்களை மட்டும் பார்த்தால் நீங்கள் படித்தது மாரடைப்பைத்தான், மாரடைப்பு மரணத்தை இல்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே இதுவாக இருக்கும்.

ஆண்களை மட்டும் எடுங்கள். 2016-17ல் நடந்த இரண்டாவது உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆண்களில் 19 சதவீதம் பேர் புகைக்கிறார்கள்; பெண்களில் 2 சதவீதம்தான். பெண்களையும் சேர்த்தால் அவர்களுக்கான அட்டவணையில் ஒரு கட்டம் கிட்டத்தட்டக் காலியாகவே கிடக்கும், புள்ளியியல் மாடல் ஓடாது. வயது வரம்பு 30 முதல் 69 வரை போதும். 70க்கு மேல் 'வயசாயிடுச்சு, போய்ச் சேர்ந்துட்டாரு' என்பதே மரணக் காரணமாகப் பதிவாகிவிடும். அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

2. வரையறைகளை எழுத்தில் வையுங்கள்

இதயநோய் மரணம் என்றால் ஐ.சி.டி.-10ல் (நோய்களுக்கு எண் கொடுக்கும் சர்வதேசப் பட்டியல்) ஐ20 முதல் ஐ25 வரை, அதாவது ரத்தக்குழாய் அடைப்பால் வரும் இதயநோய் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். ஐ46 (கார்டியாக் அரெஸ்ட்), ஐ50 (ஹார்ட் ஃபெய்லியர்) இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதியிருப்பது காரணமே ஆகாது. ஹார்ட் ஃபெய்லியர் வாதக் காய்ச்சலால் கெட்ட வால்விலிருந்தும் வரும், நாள்பட்ட நுரையீரல் நோயிலிருந்தும் வரும். நுரையீரல் வழியாக வந்ததைச் சேர்த்தால் புகைப்பழக்கத்துக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு பொய்யாகப் பெருத்துத் தெரியும்.

புகைத்தவர் யார் என்பதிலும் இதே கண்டிப்பு வேண்டும். வாழ்நாளில் 100 சிகரெட்டோ பீடியோ புகைத்தவர் 'புகைத்தவர்' (எவர் ஸ்மோக்கர்) என்பது உலகம் முழுக்கப் பயன்படும் அளவு. ஆனால் இறந்தவரைப் பற்றி மனைவியிடம் 'நூறு சிகரெட் இருக்குமா?' என்று கேட்டால் பதில் வராது. 'குறைந்தது ஒரு வருடம், வாரத்தில் பெரும்பாலான நாள் புகைத்தாரா' என்று வைத்துக்கொள்வது களத்துக்கு ஒத்துவரும். இரண்டில் எதை வைத்தாலும் கேஸ், கண்ட்ரோல் இரண்டு பக்கமும் அதே கேள்விதான் கேட்க வேண்டும்.

விட்டவர்கள் விஷயத்தில் மிகவும் கவனம். நெஞ்சுவலி வந்து டாக்டர் திட்டிய பிறகு பீடியை விட்டவர் ஆறு மாதத்தில் இறந்தால், 'நிறுத்தியவர்' கணக்கில் போவார். இப்படிப் பத்துப் பேர் சேர்ந்தால், புகையை விட்டால் ஆபத்து கூடும் என்று உங்கள் அட்டவணை சொல்லும்! அதனால் நிறுத்திய வருடத்தையும் நிறுத்திய காரணத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். இறப்புக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள் நிறுத்தியவரைப் புகைப்பவர் பக்கமே வையுங்கள். கண்ட்ரோலுக்கு இறப்புத் தேதி கிடையாது. அவருக்குப் பேட்டித் தேதியை வைத்துக்கொள்ள வேண்டும்.

மெல்லும் புகையிலை தனி. 'புகைக்காதவர்' குழுவுக்குள் வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களைக் கலந்துவிட்டால் ஒப்பிடும் அடித்தளமே கெட்டுப்போகும். இரண்டும் இல்லாதவர், புகை மட்டும், மெல்லுவது மட்டும், இரண்டும் உள்ளவர் என்று நான்கு குழு வையுங்கள்.

3. எத்தனை பேர் வேண்டும்

இதற்கு இரண்டு எண்கள் தேவை: கண்ட்ரோல்களில் எத்தனை சதவீதம் புகைப்பவர்கள், எவ்வளவு பெரிய விளைவை எதிர்பார்க்கிறீர்கள். இரண்டாவது எண்ணுக்கு நம் ஊரிலேயே ஆதாரம் உண்டு. 2003ல் லான்செட் இதழில் வெளியான தமிழ்நாட்டு ஆய்வு, சென்னையிலும் கிராமப்புறத்திலும் சுமார் 43,000 ஆண்களின் மரணங்களை 35,000 கண்ட்ரோல்களோடு ஒப்பிட்டது. அதில் நகரப் பகுதியில் புகைத்தவர்கள் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் ஆபத்து சுமார் 1.8 மடங்கு. வெளிநாட்டு ஆய்விலிருந்து 3, 4 என்று பெரிய எண்ணை எடுத்து எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுபவர்கள் உண்டு. அது பின்னால் கழுத்தில் சுருக்காக விழும்.

கண்ட்ரோல்களில் 30 சதவீதம் புகைப்பவர்கள், ஆட்ஸ் ரேஷியோ (புகைத்தவர்-புகைக்காதவர் விகிதம் கண்ட்ரோலைவிடக் கேஸில் எத்தனை மடங்கு என்ற எண்) 1.8, பவர் (உண்மையான வேறுபாட்டைத் தவறவிடாமல் பிடிக்கும் வாய்ப்பு) 80 சதவீதம், நம்பிக்கை அளவு 95 சதவீதம் என்று போட்டால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 198 பேர். திருத்தக் காரணியை (கன்டினியூட்டி கரெக்‌ஷன்) சேர்த்தால் 213 வரை போகும். ஓப்பன் எபி இணையதளத்தில் இலவசமாகக் கணக்கிட்டுத் திரையைச் சேமித்து வையுங்கள், எத்திக்ஸ் கமிட்டி கேட்கும். பாதியில் நிற்பவர்களுக்கு இடம் விட்டு 220 என்று வைக்கலாம். எதிர்பார்க்கும் விளைவை 1.5 என்று குறைத்தால் தேவை ஒரு பக்கத்துக்குச் சுமார் 425 ஆகிவிடும். ஆட்ஸ் ரேஷியோவில் ஒரு சின்ன நகர்வு, உழைப்பில் இரண்டு மடங்கு.

30 சதவீதம் என்பது இங்கே உதாரணத்துக்குத்தான். உங்கள் பகுதியில் 40, 50 பேரிடம் முன்னோட்டம் பார்த்து அந்த எண்ணைப் போடுங்கள்.

220 கேஸ் வேண்டுமென்றால் 220 வீட்டுக்குப் போனால் போதாது என்பதையும் மறக்கக்கூடாது. 'மாரடைப்பு' என்று பதிவான மரணங்களில் ஒரு பங்கு, முழுக்கதையையும் கேட்ட பிறகு பக்கவாதமாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ மாறிவிடும். நான்கில் ஒன்று உதிரும் என்று வைத்தால் சுமார் 300 வீடுகள்.

4. காகிதங்கள், அனுமதிகள்

முதலில் எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு. ஒப்புதல் தேதிக்கு முன்பு எடுத்த ஒரு பேட்டியைக்கூடப் பயன்படுத்த முடியாது. பின்தேதியிட்டு ஒப்புதல் வாங்கும் வழியும் கிடையாது. முன்னோட்டப் பேட்டிகளுக்கும் இதே விதி. கமிட்டி தினமும் கூடுவதில்லை. மாதம் ஒருமுறை கூடும் இடமும் உண்டு, மூன்று மாதம் ஒருமுறை கூடும் இடமும் உண்டு. அடுத்த கூட்டம் எப்போது, அதற்கு எத்தனை நாள் முன்பு காகிதம் போய்ச்சேர வேண்டும் என்று உறுப்பினர் செயலர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஆய்வுத் திட்டம், துறைத் தலைவர் கடிதம், உங்களுடைய மற்றும் கைடுடைய (ஆய்வை வழிநடத்தும் ஆசிரியர்) சுயவிவரம், கேள்வித்தாள், தகவல் தாள், ஒப்புதல் படிவம், செலவுக் கணக்கு. தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் வேண்டும். தமிழ்ப் படிவத்தை வேறொருவர் திரும்ப ஆங்கிலமாக்கிய பிரதியையும் பல கமிட்டிகள் கேட்கும். தமிழ்ப் படிவம்தான் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுகிறது. இயந்திர மொழிபெயர்ப்பில் எடுத்து ஒட்டிய படிவத்தைப் படித்தால் எழுதியவருக்கே புரிவதில்லை. எட்டாம் வகுப்பு படித்த ஒருவரிடம் கொடுத்து, படித்ததைச் சொல்லச் சொல்லுங்கள். கைரேகை வைப்பவருக்குச் சாட்சிக் கையெழுத்து இடமும் படிவத்தில் இருக்க வேண்டும்.

துக்க வீட்டில் கேள்வி கேட்பதால் கமிட்டி கேட்கும் இன்னொன்று: பேசுபவர் உடைந்து அழுதால் என்ன செய்வீர்கள்? பேட்டியை நிறுத்துவது, வேறு நாள் கேட்பது, தேவைப்பட்டால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ 104 உதவி எண்ணுக்கோ வழி சொல்வது என்று எழுதிவையுங்கள். கண்ட்ரோல்களில் புகைப்பவர் இருந்தால் தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356 அச்சிட்ட சீட்டைக் கொடுப்பதாகவும் சேர்த்துவிடுங்கள்.

சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகம்) பதிவு மருந்துப் பரிசோதனைகளுக்குத்தான் கட்டாயம். ஆனால் சிகிச்சை எதுவும் கொடுக்காமல் கவனிக்க மட்டும் செய்யும் ஆய்வுகளையும் அங்கே பதியலாம், கட்டணம் இல்லை. சில கல்லூரிகள் எல்லா தீசிஸுக்கும் கேட்கின்றன. உங்கள் கல்லூரியில் விசாரித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிதியோ வெளிநாட்டுக் கூட்டாளியோ இருந்தால் ஹெச்.எம்.எஸ்.சி. (மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு) ஒப்புதல் தனியாக வேண்டும், காலமும் கூடும். முதல் ஆய்வுக்கு அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

5. இறந்தவர்களின் பட்டியல்

குடும்பத்திடம் இருக்கும் இறப்புச் சான்றிதழைப் பார்த்து மரணக் காரணத்தை எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், வெளியே கொடுக்கும் சான்றிதழில் மரணக் காரணம் இருக்கக்கூடாது என்கிறது. காரணம் இருப்பது டாக்டர் எழுதும் படிவத்தில்: மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வெளியில் இறந்து டாக்டர் பார்த்திருந்தால் படிவம் 4ஏ.

கிராமத்தில் இறப்பைப் பதிவது கிராம நிர்வாக அலுவலர். நகராட்சி, மாநகராட்சியில் சுகாதார ஆய்வாளர். பட்டியல் வேண்டுமென்றால் எத்திக்ஸ் ஒப்புதல் நகலோடு பொது சுகாதாரத் துறைக்கோ மாநகராட்சி சுகாதார அலுவலருக்கோ கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு கடிதம் போக வேண்டும். மாணவர் கையெழுத்து மட்டும் இருந்தால் கோப்பு நகராது. கடிதத்தில் எந்தக் காலம், எந்தப் பகுதி, எந்த விவரங்கள் வேண்டும் என்பதைத் தெளிவாகப் போடுங்கள். 'இறப்பு விவரங்கள் அனைத்தும்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் நீங்களே எடுத்துக்கொடுத்ததாகிவிடும்.

2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மருத்துவமனை மரணக் காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். அதனால் வீட்டுக்குப் போகும்போது 'ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் ஏதாவது இருக்கிறதா' என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, இ.சி.ஜி. சுருள், மாத்திரை அட்டை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் பீரோ மேலோ அரிசி மூட்டைக்குப் பின்னாலோ இருக்கும். அந்தப் பையில் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அட்டை ஒன்று கிடந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்த மாதிரி.

மருத்துவமனை எம்.ஆர்.டி. (மருத்துவப் பதிவேட்டுத் துறை) பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். வீட்டிலேயே இறந்தவர்களும் வழியிலேயே இறந்து கொண்டுவரப்பட்டவர்களும் அதில் இருக்க மாட்டார்கள். திடீர் இதய மரணம் பெரும்பாலும் வீட்டிலும் வழியிலும்தான் நடக்கிறது.

எவ்வளவு பழைய மரணம் வரை போகலாம்? மூன்று மாதம் கழிந்த, ஒரு வருடத்துக்கு உட்பட்ட மரணங்கள் வசதி. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் போய் நிற்பது அடாத செயல். ஒரு வருடத்தைத் தாண்டினால் நெஞ்சுவலி எத்தனை மணி நேரம் இருந்தது என்பது மறந்துபோகும். நாள்பட்ட மூச்சுத்திணறல் இருந்ததா என்பது மட்டும் நினைவில் நிற்கும்.

6. கண்ட்ரோல் தேர்வு

இங்கேதான் பெரும்பாலான தீசிஸ்கள் ஓட்டையாகின்றன. உடன் இருக்கிறார்களே என்று அதே மருத்துவமனையின் வேறு வார்டு நோயாளிகளை எடுப்பார்கள். காசநோய், நாள்பட்ட நுரையீரல் நோய், வயிற்றுப்புண், புற்றுநோய் எல்லாமே புகையோடு சேர்ந்தவை. அப்படிப்பட்ட கண்ட்ரோல்களில் புகைப்பவர்கள் அதிகம் இருப்பார்கள், உங்கள் ஆட்ஸ் ரேஷியோ 1ஐ நோக்கிச் சரியும். நண்பரைக் கொண்டுவரச் சொல்வதும் வேண்டாம். டீக்கடையில் ஒன்றாக நின்று புகைத்தவர்தானே நண்பர்.

இறந்தவரின் வீட்டிலிருந்து முன்கூட்டியே முடிவு செய்த திசையில் நடந்து, உதாரணத்துக்கு ஐந்தாவது வீட்டிலிருந்து தொடங்கி, வயதில் ஐந்து வருடத்துக்குள் உள்ள முதல் ஆணை எடுங்கள். வீடு பூட்டியிருந்தால் மூன்று முறை போங்கள். மூன்றில் ஒன்று ஞாயிறோ மாலை ஆறுக்குப் பிறகோ இருக்கட்டும். பகலில் வீட்டில் இருக்கும் ஆண்களையே எடுத்தால் வேலைக்குப் போக முடியாத நோயாளிகளாகத்தான் சேர்வார்கள்.

அடுத்தது, முதல் முறை செய்பவர்கள் யோசிக்காத ஒன்று. இறந்தவரைப் பற்றி அவர் மனைவி சொல்கிறார். உயிரோடு இருப்பவரைப் பற்றி அவரே சொல்கிறார். இரண்டும் ஒரே தராசு ஆகாது. தன் பீடிக் கணக்கைத் தானே சொல்பவரும், கணவர் வெளியில் புகைத்ததைப் பாதி மட்டும் அறிந்த மனைவியும் வேறு வேறு எண் சொல்வார்கள். அதனால் கண்ட்ரோலைப் பற்றியும் அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். கூடவே 30, 40 கண்ட்ரோல்களிடம் மட்டும் தனியாக அவர்களிடமே கேட்டு, இரண்டு பதிலும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு சின்ன அட்டவணை போட்டால் தீசிஸின் மதிப்பே கூடும்.

வயதை வைத்துப் பொருத்தினால் போதும். படிப்பு, தொழில் என்று எல்லாவற்றிலும் பொருத்தினால் புகைப்பழக்கமும் சேர்ந்து பொருந்திவிடும், பார்க்க வேறுபாடே மிஞ்சாது.

7. வீட்டில் பேட்டி

உலக சுகாதார நிறுவனத்தின் வெர்பல் அட்டாப்ஸி (குடும்பத்திடம் கேட்டு மரணக் காரணத்தை அறியும் முறை) கேள்வித்தாளை அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். முழுவதும் நீளம், வயதுவந்தோர் பகுதி போதும். கோபோ டூல்பாக்ஸ், ஓ.டி.கே. போன்ற படிவம் நிரப்பும் செயலியில் ஏற்றினால் சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே இணையம் இல்லாமலும் நிரப்பலாம்.

வாசலில் சொல்ல வேண்டிய முதல் விஷயம்: நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வரவில்லை, உதவித்தொகை கொடுக்கவும் வரவில்லை. இதைச் சொல்லாவிட்டால், பீடி பிடித்தார் என்று சொன்னால் பாலிசிப் பணம் நின்றுவிடும் என்ற பயத்தில் பழக்கத்தை மறைப்பார்கள்.

வரிசையும் முக்கியம். நெஞ்சுவலியைப் பற்றி விலாவாரியாகக் கேட்டுவிட்டு உடனே 'பீடி பிடிப்பாரா?' என்று கேட்டால் அது குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் இருக்கும். கேஸ், கண்ட்ரோல் இரண்டிலும் புகைக் கேள்வி முதலில், சாப்பாடு, வேலை, தூக்கம் பற்றிய கேள்விகளோடு சேர்ந்து வரட்டும். பெரிய மகன் பக்கத்தில் நிற்கும்போது அம்மா 'அவருக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதுங்க' என்பார். மகன் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனதும் 'ஒரு நாளைக்கு ஒரு கட்டுங்க' என்று பதில் மாறும். முடிந்தவரை தனியாகப் பேசுங்கள். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் படிவத்தில் குறியுங்கள்.

எண்ணிக்கை கேட்க வழி: 'அம்மா, ஐயா வாங்குற பீடிக் கட்டு ஒண்ணு எத்தனை நாளைக்கு வரும்?' ஒரு நாளைக்கு எத்தனை என்று நேராகக் கேட்பதைவிட இது நன்றாக வேலை செய்யும். பிறகு அந்தத் தெருக் கடையில் போய் ஒரு கட்டில் எத்தனை பீடி என்று பாருங்கள். பிராண்டுக்குப் பிராண்டு மாறும். தொடங்கிய வருடம் யாருக்கும் நினைவிருக்காது. கல்யாணத்துக்கு முன்பா, மூத்த பிள்ளை பிறந்த பிறகா, சுனாமி வந்தபோது புகைத்தாரா என்று நிகழ்ச்சியை வைத்துக் கேட்டு நீங்கள் வருடமாக மாற்றுங்கள்.

மொத்தம் எவ்வளவு புகைத்தார் என்பதைக் காட்டும் பேக்-இயர் கணக்கு சிகரெட்டுக்கானது: நாளொன்றுக்கு எத்தனை என்பதை 20ஆல் வகுத்து, புகைத்த வருடங்களால் பெருக்க வேண்டும். நாளுக்கு 10 சிகரெட், 30 வருடம் என்றால் 15 பேக்-இயர். பீடியை நான்குக்கு ஒன்று என்று சிகரெட்டாக மாற்றிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பீடியில் தூள் குறைவு என்பது நிஜம். ஆனால் அணையாமல் இருக்க அதை அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் உள்ளே போகும் நச்சு அந்த விகிதத்தில் குறைவதில்லை. பீடியைத் தனியாக, எண்ணிக்கையாகவே காட்டுங்கள்.

மரணக் கதையை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். 'நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்தாரு, வேர்த்து ஊத்துச்சு, வாயுன்னு நெனைச்சு சோடா வாங்கிக் குடுத்தோம், அரை மணி நேரத்துல முடிஞ்சிடுச்சு' என்று எழுதினால் படிக்கும் டாக்டருக்கு முடிவு செய்ய எல்லாம் இருக்கிறது. 'மாரடைப்பால் இறந்தார்' என்று நீங்கள் சுருக்கி எழுதினால் ஒன்றுமே இல்லை. வலி எங்கே, எவ்வளவு நேரம், கை, தாடைக்குப் பரவியதா, வியர்த்ததா, மூச்சு வாங்கியதா, கை கால் இழுத்ததா, முன்பு இப்படி வந்ததா, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருந்ததா என்பவை கதையில் வராவிட்டால் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. மரணக் காரணம் முடிவு செய்வது

இரண்டு டாக்டர்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒவ்வொரு கதைக்கும் ஐ.சி.டி. எண் போட வேண்டும். வேறுபட்டால் மற்றவர் காரணத்தைக் காட்டி மறுபடி கேட்பது. அப்போதும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது மூத்த டாக்டர் தீர்ப்பு. இருவரும் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதைக் காப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த ஒற்றுமை அளவு) எண்ணாகக் காட்டுங்கள்.

அவர்களிடம் கொடுக்கும் பிரதியில் புகைப் பகுதியை நீக்கிவிடுங்கள். முப்பது வருடம் பீடி பிடித்தவர் நெஞ்சைப் பிடித்தார் என்று படித்தாலே கை தானாக ஐ21 (திடீர் மாரடைப்பு) எழுதிவிடும். அப்படி எழுதினால், நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதை டாக்டரே உள்ளே வைத்துவிட்டார் என்றுதான் அர்த்தம். கதைக்குள் எங்காவது 'பீடி' என்று வந்தாலும் மறைத்துவிட்டுக் கொடுங்கள்.

படிவம் 4 கையில் இருந்தால் முதல் வரியை மட்டும் படிக்காதீர்கள். முதல் பகுதியில் மேலே இருப்பது உடனடிக் காரணம். அடிப்படைக் காரணம் கடைசியாக நிரப்பிய வரியில் இருக்க வேண்டும். நமக்கு வேண்டியது அதுதான்.

காசும் காலமும் இங்கேயே பார்த்துவிடுவோம். 300 மரண வீடு, 220 கண்ட்ரோல் வீடு, ஆக 520. ஒரு பேட்டிக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். பயணத்தோடு ஒருவர் நாளுக்கு நான்கு வீடு முடித்தால் 130 ஆள்-நாள். திரும்பத் திரும்பப் போவதற்கு 20 சதவீதம் சேர்த்தால் 156. இரண்டு பேர், வாரம் ஆறு நாள் என்றால் 13 வாரம். பொங்கல், தேர்தல், மழைக்காலம் குறுக்கே வந்தால் நான்கு மாதம் என்று வையுங்கள். 156ஐ உங்கள் ஊர் களப்பணியாளர் தினக்கூலியாலும் பஸ் கட்டணத்தாலும் பெருக்கினால் பெரிய செலவு தெரிந்துவிடும். ஒரு வீட்டுக்குத் தகவல் தாள் இரண்டு பக்கம், ஒப்புதல் படிவம் இரண்டு பிரதி, ஆக நான்கு பக்கம். மொத்தம் 2,080 பக்கம். டாக்டர்களுக்கு ஒரு கதைக்கு 12 நிமிடம் என்றால் ஆளுக்கு 60 மணி நேரம். அதற்குச் சன்மானமா, கட்டுரையில் பெயரா என்பதைத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். களம் முடியும்வரை காத்திருக்காமல், வாரம் 25 கதை என்று அனுப்பிக்கொண்டே இருந்தால் கடைசியில் தேங்காது. புள்ளியியல் கணக்குக்கான ஆர், எபி இன்ஃபோ இரண்டும் இலவசம்; மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

கோட்டினின் (உடலில் நிகோட்டின் மாறி உண்டாகும் பொருள்) பரிசோதனைக்குப் பணம் ஒதுக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். அது கடைசி மூன்று நான்கு நாள் நிகோட்டினைத்தான் காட்டும். மெல்லும் புகையிலைக்கும் பாசிட்டிவ் வரும். இறந்தவரிடம் எடுக்கவே முடியாது. ஒரு பக்கம் மட்டும் எடுத்து என்ன பயன்?

9. களத்துக்குப் போக முடியாதவர்களுக்கு

அமெரிக்காவின் என்ஹேன்ஸ் (NHANES) என்ற தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, இறப்புப் பதிவோடு இணைக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கிறது. 1999 முதல் 2018 வரை கலந்துகொண்டவர்களின் மரண விவரம் 31 டிசம்பர் 2019 வரை உண்டு. எத்திக்ஸ் கமிட்டியிடம் விலக்குக் கடிதம் மட்டும் வாங்கினால் போதும். இது கோஹார்ட் என்பதால் காக்ஸ் மாடல் (மரணம் வரையான காலத்தையும் கணக்கில் எடுக்கும் முறை) ஓட்டலாம்.

இதிலும் பொறிகள் உண்டு. பொதுக் கோப்பில் 'இதயநோய்' என்ற ஒரே குறியீட்டில் எல்லா இதய நோய்களும் அடங்கும். ஐ20 முதல் ஐ25 வரை மட்டும் பிரிக்க முடியாது. புகை பற்றிக் கேட்டது ஒரே முறை. அதன்பின் விட்டவர்களும் புகைப்பவராகவே நிற்பார்கள், விளைவு குறைந்து தெரியும். கணக்கெடுப்பின் எடைகளையும் (ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எண்) அடுக்குகளையும் (மாதிரி எடுக்கப் பிரித்த பிரிவுகள்) விட்டுவிட்டு ஓட்டினால் எண்கள் தப்பு. பல சுற்றுகளைச் சேர்க்கும்போது எடையைச் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரிக்க வேண்டும். முதல் இரண்டு வருட மரணங்களை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிக் காட்டுங்கள். ஏற்கெனவே நோயாளியாக இருந்தவர்களின் குழப்பம் அதில் தெரியும். முடிவுரையில் அமெரிக்காவைப் பற்றித்தான் பேச வேண்டும், தமிழ்நாட்டுக்குத் தாவக்கூடாது.

10. கணக்கு

உதாரணத்துக்கு எண்கள்: 200 கேஸில் 90 பேர் புகைத்தவர்கள், 200 கண்ட்ரோலில் 60 பேர். ஆட்ஸ் ரேஷியோ 90 x 140 / (60 x 110) = 1.91. 95 சதவீத இடைவெளி 1.27 முதல் 2.88 வரை. இதோடு நிறுத்திவிடாமல் 30-44, 45-54, 55-69 என்று வயது வாரியாகப் பிரித்துப் பாருங்கள். புகையின் மடங்கு ஆபத்து இளம் வயதில்தான் அதிகம். எல்லா வயதையும் ஒன்றாகக் கலந்தால் அது மறைந்துவிடும்.

அடுத்து லாஜிஸ்டிக் மாடல், அதாவது பல காரணிகளை ஒரே நேரத்தில் கணக்கில் எடுத்து ஆட்ஸ் ரேஷியோ தரும் முறை. வயது, படிப்பு, மது, மெல்லும் புகையிலை, நகரமா கிராமமா என்பவை உள்ளே வரட்டும். மதுவை விட்டுவிட்டால் தேர்வாளர் விடமாட்டார், ஏனென்றால் இரண்டு பழக்கமும் கைகோத்து வருகிறது. ரத்தக்கொதிப்பையும் கொழுப்பையும் கண்டபடி உள்ளே போடாதீர்கள். புகை நல்ல கொழுப்பைக் குறைக்கிறது, அந்த வழியாகவும் இதயத்தைக் கெடுக்கிறது. அதைச் சரிசெய்தால் புகையின் விளைவில் ஒரு பகுதியை நீங்களே வெட்டி எறிகிறீர்கள். போடாமல் ஒரு மாடல், போட்டு ஒரு மாடல் என இரண்டையும் காட்டுவது பாதுகாப்பு. ஒன்றுக்கு ஒன்று பொருத்தி எடுத்திருந்தால் கண்டிஷனல் லாஜிஸ்டிக் (பொருத்திய ஜோடிகளுக்கான வகை) ஓட்ட வேண்டும். சாதாரண மாடலை ஓட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

எண்ணிக்கை ஏற ஏற ஆபத்து ஏறுகிறதா என்பதை 1-10, 11-20, 20க்கு மேல் என்று காட்டுங்கள். புகைக்காதவர்களை விட்டுவிட்டு, புகைத்தவர்களுக்குள் மட்டும் ஒரு முறை பாருங்கள். அங்கேயும் ஏற்றம் தெரிந்தால் வாதம் வலுப்படும். எத்தனை மரணங்கள் புகையால் என்று கேட்டால், கேஸ்களில் புகைத்தவர் பங்கை (0.45), ஆட்ஸ் ரேஷியோவில் ஒன்றைக் கழித்து அதே ரேஷியோவால் வகுத்த எண்ணால் பெருக்குங்கள். இங்கே சுமார் 21 சதவீதம். அதற்கு மற்றக் காரணிகளுக்குத் திருத்திய, மாடலில் வரும் ஆட்ஸ் ரேஷியோவைத்தான் பயன்படுத்த வேண்டும்.

11. எழுதிச் சமர்ப்பிப்பது

இத்தகைய ஆய்வுகளை எழுதுவதற்கான ஸ்ட்ரோப் (STROBE) சரிபார்ப்புப் பட்டியலில் 22 அம்சங்கள் உண்டு. எழுதி முடித்த பிறகு டிக் போடாமல், எழுதும்போதே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வீட்டுக்குப் போனீர்கள், எத்தனை பூட்டியிருந்தது, எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை மரணம் இதயநோய் இல்லை என்று உதிர்ந்தது என்ற கட்டப்படம் கட்டாயம். இந்த எண்களைக் களத்தில் அன்றன்று குறிக்காவிட்டால் பிறகு திரும்பப் பெறவே முடியாது.

பெயர், முகவரி இருக்கும் தாளையும் பதில்கள் இருக்கும் கோப்பையும் தனித்தனி இடத்தில் வையுங்கள். இரண்டையும் இணைக்கும் எண் பட்டியல் கைடிடம் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். நடுவில் கேள்வித்தாளில் ஒரு வரி மாற்றினாலும் எத்திக்ஸ் கமிட்டிக்குத் திருத்த விண்ணப்பம் போக வேண்டும். ஒப்புதல் ஒரு வருடத்துக்குத்தான் என்று கடிதத்தில் இருந்தால், முடிவதற்கு ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுங்கள். ஆய்வு முடிந்ததும் நிறைவு அறிக்கையைக் கொடுத்து முத்திரையோடு ஒரு நகல் வாங்கி வையுங்கள். கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போது அந்தக் கடித எண்ணைக் கேட்பார்கள்.